குழு முழுக்க எழுந்து நின்ற நேர்காணல்

சேரப்பணஞ்சேரி
9 ஜூன் 2025

என் அன்பு டெனிக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். அங்கே என் புருஷன் சாப்பிட்டாரா என்பதுதான் கவலை. போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுதினால் கோபம் பாதி வழியில் ஆறிவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அதனால் எழுதுகிறேன்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! இருங்காட்டுக்கோட்டை தாண்டி வந்திருக்கிற புதுப் பல்கலைக்கழகம். அறிவியல், தொழில்நுட்பம், ஊடகம் மூன்றையும் சேர்த்து ஒரு துறை; அதில் ஒரே ஒரு உதவிப் பேராசிரியர் இடம். பேராசிரியர்கள் முன்னால் டெமோ கிளாஸ் எடுக்க வேண்டுமாம். பிஎச்.டி. முடித்தும் கம்பெனியில் புதுப் பெண்களுக்குப் பாகம் பொருத்தும் லைன் வேலை பழக்கிக்கொண்டிருக்கிறவளுக்கு இது லேசுப்பட்ட சேதியா? ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பேச்சு மாற மாட்டேன். கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஜூலையில் புனேவுக்கு வந்துவிடுகிறேன். ஆனால் கிடைக்கட்டும் டெனி.

உங்கள்
ஷாலின்


புனே
16 ஜூன் 2025

அன்புள்ள ஷாலு,

டாக்டரம்மாவுக்கு வணக்கம். நான் சாப்பிட்டேனா என்பது ஒரு வரி, டெமோ கிளாஸ் ஒரு பக்கம்! இருக்கட்டும். இங்கே கேன்டீன் சாம்பார் இனிக்கிறது, அதையும் சாப்பிடுகிறேன்.

நம் இரண்டு பேருக்கும் வீடு பார்த்து வைத்திருக்கிறேன். உனக்கு வேலை கிடைக்க ஜெபிக்கிறேன் என்று எழுதினால் பொய். கிடைக்கக் கூடாது என்று ஜெபிக்கவும் வாய் வரவில்லை. பதறாமல் பேசிவிட்டு வா.

உன்
டெனிசன்


சேரப்பணஞ்சேரி
25 ஜூன் 2025

டெனி, டெனி, கிடைத்துவிட்டது!

பதறத்தான் செய்தேன். ஷிஃப்ட் தொடங்கும் முன் லைனில் எல்லாரையும் நிறுத்தி உடற்பயிற்சி செய்ய வைப்பேனே, அந்தப் பழக்க தோஷம். மைக்கைப் பிடித்ததும் வாயில் வந்துவிட்டது: "எல்லாரும் எந்திரிங்க! கையை மேல தூக்குங்க!"

துறைத்தலைவர் ராஜலட்சுமி மேடம் சட்டென்று எழுந்தார். பின்னாலேயே குழு முழுக்க எழுந்தது. டீ கொண்டுவந்த கிளியம்மாள் அக்காகூட, "இன்னாமா, நானுமா?" என்று தட்டை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது.

மானம் போனது போனதுதான் என்று கேட்டேன்: "நான் சொன்னதும் ஏன் எந்திரிச்சீங்க? என் குரலுக்கா, இந்த மைக்குக்கா? ஒரு கருவி வழியா சொன்னா மனுஷன் ஏன் கேட்டுக்கிறான்? அதுதான் இன்னிக்குப் பாடம்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்! குழுவில் இருந்த வனமாமலை சார் "மைக்குதான்" என்கிறார், மேடம் "இல்ல சார், குரல்" என்கிறார். என் நேரம் முடிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

வேலை உத்தரவில் உங்களைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை, அழுகையும் வருகிறது. இனி நீங்கள் அங்கே, நான் இங்கேதானா? கோபமென்றாலும் எழுதுங்கள்.

உங்கள்
ஷாலின்


புனே
3 ஜூலை 2025

அன்புள்ள உதவிப் பேராசிரியருக்கு,

விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் கோபம் வந்தது. கடிதத்தை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டேன்.

மறுநாள் திரும்பப் படித்தபோது உன் கேள்வி என்னையே பிடித்துக்கொண்டது. போன வருஷம் மேனேஜர் ஸ்ரீதர், "டெனிசன், புனே போப்பா" என்றார். எழுந்து வந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

நேற்று அவருக்குப் போன் போட்டு, உன் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஒரகடம் கிளைக்கு மாற்றல் கேட்டேன். "இன்னாப்பா, இப்பத்தானே போன? பாக்கலாம் பாக்கலாம்" என்றார்.

பார்க்கட்டும். கொடுத்தால் ஒரகடம். கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன், அப்போதும் ஒரகடம்தான்.

உன்
டெனிசன்