பதினோரு கோடும் ஒரு கரண்டியும்

மதினி,

நீங்கள் விட்டுப்போன தோல்பையைத் திறந்து, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை இன்று மத்தியானம் கிழித்தேன். பைக்குள் இன்னும் உங்கள் ஆய்வுக்கூடத்து வாடை, காடியும் டெட்டாலும் கலந்தது. கோணலாய்க் கிழிந்து பாதிப் பொடி தரையில். இந்தக் கையைக் கண்டால் பள்ளிக்கூடத்து மேசை நாற்காலியெல்லாம் நடுங்கும் என்பீர்களே, அதே கைதான்.

இப்போதுதான் நடக்கப் பழகும் உங்கள் மகனுக்கு நேற்றிலிருந்து வாந்தி, பேதி. கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. டாக்டர், "கரண்டி கரண்டியா இதக் குடுத்துக்கிட்டே இருங்க. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகலன்னா பாளையங்கோட்டைக்குத் தூக்கிட்டு ஓடுங்க" என்றார். அண்ணன் மில் ஷிப்டில். அம்மா டம்ளரைப் பிடுங்கிவிட்டாள்.

"தண்ணி குடுக்கக் குடுக்கத்தாம்லே போவுது. வயித்தக் காயப்போடு. தொண்டைல என்னமோ அடைச்சிருக்கு, ஊதித் தொக்கம் எடுக்க ஆள் வருது."

போன வருசம் இதே தெருவில், பேதி கண்ட பிள்ளைகளின் மலத்தை மூடி போட்ட சின்னப் பாட்டில்களில் வாங்கிப்போனீர்கள். கழிந்துகொண்டிருந்த நம் கன்றுக்குட்டியையும் விடவில்லை. "மில்லுக்காரன் பொண்டாட்டி மாட்டுக் கழிச்சல பாட்டில்ல பிடிக்கா!" என்று தெருவே சிரித்தது. நான் என் பங்குக்கு ஒரு பாட்டிலில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள், அந்தப் பாட்டில்களைச் சோதித்து எடுத்த புகைப்படம் ஒன்றோடு வந்தீர்கள். ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள். "எண்ணுங்க கொழுந்தரே." வரிசைக்குப் பதினொன்று. ஒரு வரிசை மட்டும் வெறுமை. "அது உங்க சொதி. ருசி இருக்கு, கிருமி இல்ல."

அப்புறம் சிரிக்காமல் சொன்னீர்கள். பேதியைத் தரும் இந்த வைரசின் மரபுப்பொருள் பதினோரு துண்டு. ஒரே வயிற்றுக்குள் இரண்டு வகை புகுந்தால், துண்டுகளை மாற்றிக்கொண்டு புதுசாய்ப் பிறக்கும். ஒரு பிள்ளையின் கோடுகள் சில, கன்றுக்குட்டியின் கோடுகளுக்கு நேராக நின்றன. இன்னும் உறுதியில்லை என்றீர்கள்.

"மாட்டுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தம் பேசினது யாரு மதினி?"

"அதான் கொழுந்தரே எனக்கும் பயமா இருக்கு. போன வருசத்து முகத்தோட இந்த வருசம் வராது. ஆனா கொல்லுற விதம் மட்டும் மாறாது. உடம்புத் தண்ணிய வத்தவச்சுத்தான் கொல்லும்."

அந்த மழைக்காலத்திலேயே பஸ் கவிழ்ந்து நீங்கள் போய்விட்டீர்கள்.

"எம்மா, வத்தவச்சுத்தான் கொல்லும்னு மதினி சொன்னாவ" என்று இன்று அம்மா கையிலிருந்து டம்ளரைத் திரும்பப் பிடுங்கினேன்.

"விளையாடாதலே."

"விளையாடலம்மா."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையை மடியில் போட்டு அவளே வாயைத் திறந்துவிட்டாள். ஒரு கரண்டி. கக்கினான். பொறுத்து, பைய இன்னொன்று. இவன் வயிற்றில் எந்த முகம் வந்திருக்கிறதோ? பாட்டில் பிடிக்க நீங்கள் இல்லை. தொக்கம் எடுக்க வந்தவளை அம்மாவே வாசலோடு அனுப்பினாள்.

சாயங்கால மில் சங்கு ஊதியது. இதற்குமேல் ஆகாது, ஆட்டோ பிடிக்கணும் என்று பிள்ளையைத் தோளில் தூக்கினேன். நெஞ்சில் சூடாக நனைந்தது; ஒண்ணுக்கு. ஊரையெல்லாம் ஒளிந்து நின்று நனைத்தவன் நான். என்னை ஒருவன் இப்படி நனைத்ததில்லை. அம்மா அழுதாள். நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

சட்டையை இன்னும் மாற்றவில்லை. அவன் தூங்குகிறான். கொட்டிலில் இந்த வருசத்துக் கன்று கத்துகிறது; ஒவ்வொரு கத்தலுக்கும் எழுந்துபோய், அதுவும் கழிகிறதா என்று பார்க்கிறேன், மதினி. கரண்டியைக் கீழே வைக்கவில்லை.