இரண்டு கையும் தண்ணீரில்

அன்புள்ள தங்கை ஜானிஸுக்கு,

நம் சண்டை இருக்கிறபடியே இருக்கட்டும். இது வேறு விஷயம்.

என் உள்ளங்கை வியர்வை உனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது கைத்தடியே வழுக்குகிறது. குளியலறையில் விழுந்துவிட்டேன். இன்னொரு முறை விழுந்தால் முதியோர் இல்லம்தான் என்று மகன் கேப்ரியல் சொல்லிவிட்டான்.

மருத்துவமனையில் ஒரு சிறிய கருவி தந்திருக்கிறார்கள். இரண்டு தட்டுகளில் தண்ணீர் ஊற்றிக் கைகளை வைத்தால் மெல்லிய மின்சாரம் ஓடும். சில வாரங்களில் வியர்வை குறையுமாம்.

"ஆண்ட்டி, ரெண்டு கையும் தண்ணியில இருக்கும்லா, கரண்டைக் கூட்டுற குமிழை யாரு திருப்புவா? வீட்டுல ஆளு இருக்கா?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

"நிறைய பேரு இருக்காங்க" என்றேன்.

நேற்றுத் தாடையால் திருப்பிப் பார்த்தேன். சுரீரென்று இழுத்ததில் தண்ணீர் மேசையெல்லாம் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டால் என் கையைப் பார்த்துவிடுவாள். அது என்னால் முடியாது.

உன் ஊர் சித்தியவானிலிருந்து இங்கே ஈப்போவுக்குக் காலையில் பேருந்து இருக்கிறது. மெதுவாகக் கூட்டி, மெதுவாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். என்னோடு பேச வேண்டாம். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே திருப்பு.

வர இஷ்டமில்லையென்றால் பதில் எழுதாதே. இந்த வாரம் முழுவதும் பகலில் முன்கதவைப் பூட்டாமல் வைத்திருப்பேன்.

உன் அக்கா