கண்ணாடி ஏற்றும் இடைவெளி

ஆரணி
14.9.2025

அன்பு மகள் சுகன்யாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகச் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம். அதாவது நலம்.

போனிலேயே பேசலாமே என்பாய். போன் வந்தால் உன் அம்மா பரிமளா பிடுங்கிக்கொள்கிறாள். என் முறை வரும்போது நீ "வெச்சிடட்டா நைனா" என்கிறாய். அதனால் பேப்பரில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் வாத்தியாரைத் திட்டு.

நீ அனுப்பிய அதிர்வுப் பெட்டி வந்துவிட்டது. டிபன் டப்பா அளவுதான் இருக்கிறது. நீ சொன்னபடி தறிக்குழி ஓரம் சிமெண்டுத் தரையில் வைத்து நெட் வயரைச் சொருகியாயிற்று. இங்கே ஆடுவதெல்லாம் அங்கே உனக்குத் தெரியுமாமே. அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். துடை என்றால், "பூமாதேவிக்கு நாடி பாக்கற மிஷினுக்குப் பொட்டு வெச்சா இன்னா தப்பு?" என்கிறாள்.

என்னென்ன ஆடுகிறது என்று எழுதச் சொன்னாய். காலை ஆறரைக்குத் தண்ணீர் லாரி. ஏழுக்கு நான் தறியில் உட்காருகிறேன். எட்டரைக்குப் பக்கத்து வீட்டுப் பாலுவின் விசைத்தறி நான்கும். மதியம் என் குறட்டை. அது பதிவாகிறதா என்று தனியாகத் தெரிவி.

நெதர்லாந்தில் உனக்கு என்ன வேலை என்று பாலு கேட்டான். பூமிக்குள்ளிருந்து எரிவாயு எடுத்த இடத்தில் வீடெல்லாம் விரிசல் விடுகிறது, அது வாயு எடுத்ததால்தானா என்று கண்டுபிடிக்கிறாள் என்றேன். "பூமின்னா ஆடத்தான் ஆடும்ணா. காஸ் எடுத்தவன் மேல பழி போட்டுகினு, அதுக்கு ஒரு படிப்பா?" என்றான். தெரிந்தவன் மாதிரி சிரித்துவைத்தேன். என்ன பதில் என்று எழுது.

அந்த விரிசல் வழக்கின் விசாரணைக்குத் தயாராகவேண்டி இருப்பதால் தீபாவளிக்கு வரமுடியாது என்றாய். பரவாயில்லை. இது மூன்றாவது தீபாவளி என்று உன் அம்மாதான் எண்ணுகிறாள். நான் எண்ணுவதில்லை.

ஆசியுடன்
பரசுராமன்


28.9.2025

அன்புள்ள நைனாவுக்கு,

பாலு மாமா கேட்டதைச் சின்னக் கேள்வி என்று நினைக்காதீர்கள். வாயு எடுத்தவர்களின் வக்கீலும் அதையேதான் சொல்கிறார்.

தானாக வரும் நடுக்கம் பெரும்பாலும் ரொம்ப ஆழத்தில் பிறக்கும். இங்கே வருபவை சின்னச் சின்ன நடுக்கங்கள். வாயு இருந்த பாறையை ஒட்டி, மூன்று கிலோமீட்டர் ஆழத்திலேயே, கூட்டங்கூட்டமாக வருகின்றன. வாயு எடுப்பதற்கு முன்னால் இப்படி ஆடியதாக இங்கே யாருக்கும் நினைவில்லை. ஆனால் ஒரே ஒரு நடுக்கத்தைக் காட்டி, இது இவர்களால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. லாரி எது, ரயில் எது, பூமி எது என்று முதலில் பிரிக்கவேண்டும். பிறகு எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். அதுதான் என் வேலை.

என் தெருவில் ஒரு வயதான தம்பதி இருக்கிறார்கள். வீட்டுக்கு மரக்கட்டையால் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் பென்சிலால் தேதி எழுதிவைத்திருக்கிறார்கள். விசாரணை டிசம்பர் 11ஆம் தேதி. அவர்களுக்காக நான்தான் பேசவேண்டும்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பெட்டி அனுப்பிய பதிவில் உங்கள் ஏழு மணியைத் திறந்து பார்க்கிறேன். பல் துலக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். குறட்டை பதிவாகவில்லை, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

சுகன்யா


ஆரணி
16.11.2025

அன்பு மகளுக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. அம்மா செய்த அதிரசத்தைத் தரையில் போட்டால் உன் பெட்டியில் பதிவாகும், அவ்வளவு கெட்டி. உன் பங்கை டப்பாவில் போட்டு மேல் பலகையில் வைத்திருக்கிறாள். தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாள்.

தீபாவளி முடிந்த கையோடு பாலுவிடம் உன் பதிலைப் படித்துக் காட்டினேன். ஒப்பவில்லை. நானும் விஞ்ஞானி ஆகிவிட்டேன். அவன் வீட்டுச் சுவர் ஓரம் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து, விசைத்தறியை ஓட்டச் சொன்னேன். தண்ணீர் நடுங்கியது. நிறுத்தச் சொன்னேன். நின்றது. "பாத்தியா? நிறுத்திப் பாத்தா யாரால ஆடுதுன்னு தெரிஞ்சிடும்" என்றேன். அவன் உடனே, "அங்க காஸ் எடுக்கறதத்தான் போன வருஷமே நிறுத்திட்டாங்கன்னு பாப்பா சொல்லிச்சே. இன்னும் ஏன்ணா ஆடிகினு கீது?" என்றான். சொம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தறி வழக்கம்போல ஓடுகிறது. மாங்காய்ப் புட்டா போட்ட சேலை பாதி முடிந்தது. வீடியோவில் நான் ஏன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்று கேட்டாயாம். வயசாகிவிட்டது, மரியாதையாக உட்கார்ந்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை.

நீ அவசரப்பட்டு வரவேண்டாம். விசாரணையைப் பார்.

பரசுராமன்


30.11.2025

நைனா,

பாலு மாமாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாறைக்குள் இருந்த வாயு போய்விட்டால், மேலே உள்ள பாரம் பாறையை அமுக்குகிறது. எடுப்பதை நிறுத்தினாலும் உள்ளே அழுத்தம் சமமாகிற வரைக்கும் வருஷக்கணக்கில் ஆடிக்கொண்டுதான் இருக்கும். சொம்புத் தண்ணீர் போல உடனே நிற்காது.

இப்போது என் கேள்வி. தறியில் யார் உட்காருகிறார்கள்?

நவம்பர் பத்தாம் தேதி காலை ஏழே முக்காலுக்குத் தறி அடிக்கும் பதிவு பாதியில் நின்றது. ஒரு பெரிய அதிர்வு. பிறகு இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் மறுபடி தொடங்கியது, அதே ஏழு மணிக்கு. ஆனால் அது நீங்கள் இல்லை.

நீங்கள் தறிப் பலகையை ஏழெட்டு அடி அடித்ததும் ஒரு கணம் நிறுத்துவீர்கள். மூக்கில் இறங்கும் கண்ணாடியை மேலே ஏற்றிவிட. சின்ன வயதில் எதிரே உட்கார்ந்து படிக்கும்போது நான் அதை எண்ணியிருக்கிறேன். இரண்டு மாதமாக ஒவ்வொரு காலையும் அந்த இடைவெளியைத்தான் பார்த்தேன், நைனா. இப்போது அது இல்லை. ஒரு நாள் என்றால் விட்டுவிடுவேன். பதினெட்டு நாள்.

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன். உண்மையை எழுதுங்கள். இல்லையென்றால் விசாரணையை விட்டுவிட்டு நாளைக்கே கிளம்பிவிடுவேன்.

சுகன்யா


ஆரணி
1.12.2025

என் அம்மாடிக்கு,

கிளம்பிவிடாதே. முழுசும் எழுதிவிடுகிறேன்.

பத்தாம் தேதி காலை தறியில் இருந்தேன். போன் அடித்தது. பரிமளா கொல்லையில் இருந்தாள். அங்கே உனக்கு நடுராத்திரி என்பதையும் மறந்து, இன்றைக்காவது முதலில் நான் பேசிவிடலாம் என்று குழியிலிருந்து பாய்ந்தேன். நாற்பது வருஷமாக ஏறி இறங்குகிற குழி, அன்றைக்கு மிதியில் கால் மாட்டிக்கொண்டது. விழுந்தேன். நீ பார்த்த பெரிய அதிர்வு நான்தான். எத்தனை ரிக்டர் என்று சொல். தவழ்ந்து போய்ப் போனை எடுத்தால், கடன் வேணுமா சார் என்று ஒரு பெண்.

கணுக்காலில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டிருக்கிறார்கள், இன்னும் மூன்று வாரம். உன்னிடம் சொல்லக்கூடாது என்று பரிமளாவிடம் சத்தியம் வாங்கினேன். சொன்னால் நீ ஓடிவருவாய், அந்தப் பென்சில் தேதிக்காரர்களுக்குப் பேச ஆளிருக்காது. தினம் காலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லிப் பாலுவைக் கெஞ்சினேன். தெருவில் நடந்து போகும்போதே எந்த வீட்டில் யார் அடிக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்துச் சொல்லுகிறவன் நான். ஆனாலும் டிபன் டப்பாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன், பார். பாலு விசைத்தறிக்குப் பழகியவன், அடியில் அழுத்தம் இல்லை. அவன் நெய்த அரை முழத்தில் மாங்காய் எல்லாம் புடலங்காயாக நீண்டுகிடக்கிறது. அதைப் பிரித்து எடுப்பதற்குள் இன்னொரு கால் உடையும்.

உன் கடிதத்தைப் பாலு இரண்டு தடவை படித்தான். அப்புறம், "ஒருத்தர் மூக்குக் கண்ணாடிய அவ்ளோ தூரத்துல இருந்து புடிச்ச பொண்ணு, பூமிய சும்மா சொல்லாதுண்ணா" என்று எழுந்து போய்விட்டான். வக்கீலுக்கு இனி நீ பயப்படவேண்டாம். பாலுவே ஒப்பிவிட்டான்.

பதினொன்றாம் தேதி போய் நன்றாகப் பேசு. அந்தப் பெரியவர்களுக்கு என் வணக்கம் சொல்.

அதற்கு அப்புறம் வந்துவிட்டுப் போ. வேலையைப் பார், வேலையைப் பார் என்றே மூன்று வருஷமாகச் சொன்னேன். அது பொய். தீபாவளியை நானும் எண்ணினேன். காலுக்காக வரவேண்டாம், அது தானாக ஆறிவிடும். சும்மா வா. அதிரசம் இன்னும் கெடவில்லை, கெடுகிற மாதிரியும் தெரியவில்லை.

இன்று காலையில் உன் அம்மா திட்டத் திட்ட, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு குழி ஓரம் உட்கார்ந்தேன். ஒற்றைக் காலால் மிதித்துப் பத்து நிமிஷம் அடித்தேன். எழுந்ததும் பார்.

கண்ணாடிக் கடைக்காரர் நேற்று இந்தப் பக்கம் வந்தார். காம்பு தளர்ந்திருக்கிறது, முடுக்கித் தருகிறேன், இனிமேல் இறங்காது என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை.

உன் நைனா
பரசுராமன்