படிவத்தின் ஐந்தாவது வரி

மார்ச் 3

அலுவலகத்தில் கேக் வெட்டினோம். உலகின் பெரிய பொருளாதாரங்களின் வரிசையில் நம் நாடு ஒரு படி மேலே போய்விட்டதாம். நீங்கள் வீடு வீடாக அலைந்து எழுதிய கணக்கும் இதில் இருக்கிறது என்று மேலாளர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போன வருடம் பிழையே இல்லாத படிவங்கள் என்று பாராட்டு வாங்கியவள் நான்தானே. இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கித் தின்றேன்.

மார்ச் 6

சித்தி போன் செய்தாள், சமையல் வேலை பார்க்கும் பெரிய வீட்டிலிருந்து. இடது கண் போய் இரண்டு வருடம் ஆகிறது. வலது கண்ணுக்கும் மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இலவச சிகிச்சை அட்டை கேட்டிருந்தாள். இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது. காரணம்: வசதியான குடும்பம்.

"எனக்கே சொல்லாம என்னைப் பணக்காரி ஆக்கிட்டாங்கடி" என்று சிரித்தாள்.

எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தை வைத்துத்தான் அட்டை கொடுக்கிறார்கள். எந்த மடையன் எழுதினான் என்று நான் கத்தினேன். நாளைக்கே பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 7

நான்தான் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 8

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

எங்களுக்கு ஒரு விதி உண்டு: ஒரே அடுப்புச் சாப்பாடு என்றால் ஒரே குடும்பம். போன வருடம் அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து கணவர், மனைவி, மகள், மகன் என்று நான்கு வரி எழுதினேன். சித்தி டீயோடு வந்து நின்றாள். அவளை ஐந்தாவது வரியில் எழுதினேன். பன்னிரண்டு அறை, மூன்று கார், எல்லாம் ஐந்து பேருக்கும் பொது. அவள் படுப்பது கேஸ் சிலிண்டர் வைக்கும் அறையில். அந்த வீட்டுச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

எல்லாம் தெரியுமே எனக்கு. தெரிஞ்சும் ஏன்டி உன் கை நிக்கல?

மார்ச் 10

அந்தத் தெருவின் படிவங்கள் அனைத்தையும் எடுத்துப் பார்த்தேன். முப்பது வீடு. சமையல்காரி, டிரைவர், காவலாளி என்று நாற்பத்தொரு பேர் என் பேனாவால் பணக்காரர்கள் ஆகியிருக்கிறார்கள்.

மேலாளரிடம் கொண்டுபோனேன். விதிப்படிதானே எழுதியிருக்கிறாய் என்றார். கெட்டவர் இல்லை. படிவத்தைப் புரட்டிவிட்டு அவரே சொன்னார்: "மொத்தம் எவ்வளவுன்னுதான்மா மேல கேக்கறாங்க. யாருக்கு எவ்வளவுன்னு எழுத நம்ம படிவத்துல கட்டமே இல்ல."

இத்தனை வருடமாக நிரப்புகிறேன். எனக்கு ஏன் ஒருநாளும் உறைக்கவில்லை?

திருத்த ஒரே வழிதான் உண்டாம். சித்திக்குத் தனி அடுப்பு இருக்க வேண்டும்.

மார்ச் 13

சித்தி தனி அடுப்புக்கு அனுமதி கேட்டிருக்கிறாள். அந்த வீட்டம்மாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டதாம். "குடும்பத்துல ஒருத்தியாத்தானே உன்னை வச்சிருக்கோம்" என்றாராம். அப்படியானால் ஆபரேஷனுக்கு உதவுங்கள் என்று சித்தி கேட்டிருக்கிறாள்.

"அதுக்கு உன் வீட்டு ஆளுங்க யாரும் இல்லையா?"

அதே வாய்தான். நடுவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

சித்தி அந்த வீட்டை விட்டு என் வாசலில் வந்து நின்றாள். இருபத்திரண்டு வருடத்துக்கு ஒரு பை.

மார்ச் 14

காலையில்தான் புத்திக்கு எட்டியது. என் அடுப்பில் சாப்பிட்டால் அவள் என் குடும்பம். நான் மாதச் சம்பளக்காரி. மறுபடியும் அட்டை கிடையாது.

சின்ன ஸ்டவ் ஒன்று வாங்கி ஜன்னலோரம் வைத்தேன். இருப்பதே ஒரு அறை. அதில் இரண்டு அடுப்பு.

மார்ச் 21

சரிபார்க்க வந்த சக ஊழியர் இரண்டு அடுப்பையும் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 11

அட்டை வந்துவிட்டது. குடும்பத் தலைவி, சித்தி. உறுப்பினர்கள், ஒருவர். திங்கட்கிழமை ஆபரேஷன்.

அகோரப் பசியோடு வீட்டுக்கு வந்தவள், பழக்க தோஷத்தில் அவள் பாத்திரத்தைத் திறந்துவிட்டேன். சித்தி மூடியைப் பிடித்துக்கொண்டாள். தெரிகிற அந்தக் கொஞ்சப் பார்வையை வாசல் பக்கம் திருப்பினாள்.

"யாராவது பாத்துடப் போறாங்கடி. திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ."

கதவைச் சாத்திவிட்டு வந்து, என் அடுப்பைப் பற்றவைத்தேன்.