சத்தம் வராத அறை

தம்பெரே, இரவு

அன்புள்ள கெர்த்து அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. என் போனை யர்மோ தினமும் வாங்கிப் பார்க்கிறான், அதனால்தான் கடிதம். காலையில் பள்ளித் தோழி தபாலில் போடுவாள். அம்மாவின் புருஷனே ஆனாலும் அவனை 'அவர்' என்று எழுத இனி என் கை கூசுகிறது.

நீ ஔலுவுக்குப் படிக்கப் போனபின் உன் அறையை உடைத்து ஸ்டூடியோ கட்டுகிறான். பாட்டுப் பதிவு செய்யவாம். அவனுக்கு ஏது பாட்டு? இன்னும் ஒரு மைக் கூட வாங்கவில்லை. சுவரெல்லாம் தடித்த பஞ்சு, அதன்மேல் ஊரெல்லாம் பொறுக்கிய முட்டை அட்டைகள். சிலவற்றில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருக்கிறது. நாற்றம் குமட்டுகிறது. பசை அப்பிய விரலாலேயே சாசேஜைப் பிய்த்துத் தின்று, அந்த விரலை நக்குகிறான்.

இங்கே எல்லோரும் செய்வதுபோல் லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினான். வேலைச் சத்தத்துக்கு மன்னிக்கவும் என்று, ஒரு சிரிப்புப் பொம்மையும் வரைந்து. கீழ் வீட்டு ரைலி அத்தை மாடிப்படியில் அவனைப் பார்த்து, "மத்தவங்களுக்குத் தொந்தரவு கூடாதுன்னு இவ்ளோ செய்றியே, தங்கமான மனுஷன்பா நீ!" என்றார். பல்லைக் காட்டினான். என் தோளில் இருந்த அவன் கை அழுத்தியது. நம் அம்மாவை அவன் அடிக்கும்போதெல்லாம், டிவிதான் அலறுகிறது என்று எண்ணி, வீடுகளைச் சூடாக்க மாடிக்கு மாடி ஓடும் வெந்நீர்க் குழாயில் தட்டுவாரே, அவர்தான் அக்கா. அந்தத் தட்டலுக்குத்தான் அவன் அடங்குவான். அவருக்குக் கேட்கக் கூடாதென்றுதான் இத்தனையும்.

இன்று கனத்த கதவு மாட்டினான். "உள்ள போய்க் கத்துடி, பாக்கலாம்!" என்று அம்மாவைத் தள்ளிச் சாத்தினான். காபியை உறிஞ்சிக்கொண்டே என்னிடம், "என்ன குட்டி, ஏதாச்சும் கேக்குதா?" என்றான். இல்லை என்றேன். என் அறைக்கு ஓடி, ஸ்டூடியோ வழியாக வரும் குழாயில் காதை வைத்தேன். அம்மா கத்தவில்லை. 'வில்யா, வில்யா' என்று என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மடையனுக்குக் குழாயைச் சுற்றி அடைக்கத் தோன்றவில்லை.

இப்போது இருவரும் உள்ளே இருக்கிறார்கள். குழாயில் அவன் குரல். ரைலி அத்தைக்குக் கேட்கட்டும் என்று அதைக் கரண்டியால் தட்டிக்கொண்டே எழுதுகிறேன், அவனுக்கும் கேட்டுவிடுமோ என்று மெல்லத்தான். கீழேயிருந்து பதில் இல்லை. பரீட்சை கிடக்கட்டும், முதல் ரயிலில் வா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. நீ நன்றாக இருக்க வேண்டும் அக்கா, நாங்களும்

வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். ரைலி அத்தையின் இருமல். ஸ்டூடியோவுக்குள் இருப்பவனுக்கு இது கேட்காது. நான் போய்த் திற