எவ்வளவு குறைகிறது?

கமோலி
செப்டம்பர் 14, 1978

அன்புள்ள எர்மானோவுக்கு,

முதலில் நல்ல செய்தி. நம் நிவெஸ் மறுதேர்வில் கணக்குப் பாஸ். அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டாம். நீங்கள் கப்பல் ஏறும்போது மிரட்டியபடி, படிப்பை நிறுத்தி உங்கள் அக்காவின் ரொட்டிக் கடைக்கு அனுப்பவும் வேண்டாம். இப்போதுதான் எனக்கு மூச்சே வருகிறது.

எழுத்துத் தேர்வன்று நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். பூஜ்யம் புள்ளி ஒன்பது, அந்த ஒன்பதின் தலையில் ஒரு கோடு. கோடு போட்டால் ஒன்பது முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று அர்த்தமாம். அதைப் பின்னமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் விதிப்படி போட்டதில் ஒன்பதின் கீழ் ஒன்பது, அதாவது ஒன்று என்று வந்திருக்கிறது. தப்பாகிவிட்டதென்று பயந்து அடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகையில் அடுப்பிலிருந்த கடலைமாவு அடையைக் கருகவிட்டேன்.

மறுநாள் வாய்மொழித் தேர்வு. கஸ்ஸானோ டீச்சர் அந்தத் தாளைக் காட்டி, ஏம்மா இதை அடிச்சே என்று கேட்டாராம். ஒண்ணுக்குக் கொஞ்சம் குறையுதே டீச்சர் என்றாளாம் இவள். எவ்வளவு குறையுது, எழுதிக் காட்டு என்று சாக்பீஸை நீட்டியிருக்கிறார். இவளும் பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம் என்று போட்டுக்கொண்டே போக, பலகை முடிந்து சுவர் வந்துவிட்டது. கடைசியில ஒரு ஒண்ணு போடணும் டீச்சர், ஆனா கடைசியே வர மாட்டேங்குது என்று நின்றவள், அப்போ எதுவுமே குறையலையா, இது ஒண்ணேதானா என்று தானே கேட்டிருக்கிறாள். அதைத்தானே மேதாவி நேத்து எழுதி அடிச்சே என்று டீச்சர் சிரித்துவிட்டாராம்.

கூரை ஒழுகலை மழைக்கு முன்பே அடைத்தாயிற்று. உங்கள் தோள்வலிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

இன்னொன்று. முடிவைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவள், வீட்டுப் படியில் நின்றுவிட்டாள். கிளம்புற அன்னிக்கு அப்பா, எதை எடுத்தாலும் நீ கொஞ்சம் குறைதான்னு சொன்னாரேம்மா, எவ்வளவு குறைன்னு எழுதிக் கேளேன் என்றாள். நீங்கள் சொன்னதைத் துறைமுகம் தாண்டுமுன் மறந்திருப்பீர்கள். உங்கள் வாய்தான் அப்படி, மனசு அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? கோடை முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

அடுத்த துறைமுகத்தில் எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள். பாஸானதற்குப் பாராட்டுகூட அப்புறம் இருக்கட்டும். ஒன்றும் குறையவில்லை என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

கடல் உங்களை அலைக்கழிக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கொஞ்சம் கோபத்தோடும் நிறைய அன்போடும்,
ஒர்னெல்லா