‘எல்லோரும்’ என்று கேட்டும் திரையில் வராத என் தம்பி

அனுப்புநர்:
மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளர்,
மேம்பாலத்தின் கீழ், ரயிலடிச் சாலை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது மருத்துவமனைகள் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: நோயாளிகளின் மையக் கணினிப் பதிவில் பெயரில்லாதவர்கள் தேடலில் வராமை – திருத்தக் கோருதல் – எங்களுக்கு உதவிய பொறியாளருக்கு அளிக்கப்பட்ட விளக்க நோட்டீசைத் திரும்பப் பெற வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி உயிரோடு இருக்கிறான். இந்த மனுவை எழுதும்போது அடுத்த அறையில் தூங்குகிறான். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் குறையை நிதானமாகச் சொல்ல என்னால் முடியும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. லாரிகளுக்குப் பெயர் எழுதுவது அவன் தொழில். வேலைக்காக வெளியூர் போனவன் திரும்பி வரவில்லை. அங்கே சாலையைக் கடக்கும்போது பைக் மோதி, கைப்பேசி நொறுங்கி, நினைவில்லாமல் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறான். கண் விழித்தபோது வலது கை மாவுக்கட்டில். இடது கையால் அவன் கிறுக்கியதை யாரும் எழுத்தென்றே எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் லாரிகளுக்கெல்லாம் பெயர் எழுதியவனின் பெயரை எழுத அன்று ஆளில்லை. பதிவில் பெயருக்கான இடம் காலியாகவே விடப்பட்டது.

3. இது தெரியாமல் நானும் என் கணவரும் தலைமை மருத்துவமனையின் விசாரணைப் பகுதிக்கு வந்தோம். எல்லா மருத்துவமனைகளின் பதிவும் ஒரே இடத்தில் சேர்வதால் இங்கேயே தேடலாம் என்றார்கள். அங்கிருந்த ஊழியர் மரியாதையாகவே நடந்துகொண்டார். அவர் மீது எனக்குக் குறையில்லை. பெயரைத் தட்டிப் பார்த்தார், இல்லை. “பேரே போடாம எல்லாரையும் காட்டுங்க” என்று கேட்டேன். காட்டினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். முடிவில் அவர், “இவ்வளவுதாங்கக்கா எல்லாரும். இதுல இல்லன்னா எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்ல” என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், “பிணவறையிலயும் ஒரு தடவை கேட்டுடுங்க” என்றார்.

4. என் கணவர் பிணவறைக்குள் போனார். நான் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி வந்து தலையை இடவலமாக அசைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த வாசலில் நான் நின்ற நேரம் எந்த அக்காளுக்கும் வர வேண்டாம்.

5. என் கணவர் விடாக்கண்டன். மாடியிலுள்ள கணினிப் பிரிவுக்கே ஏறிவிட்டார். அங்கிருந்த பெண் பொறியாளர் பொறுமையாகக் கேட்டவர், தம்பி பேச மாட்டான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப பேர் யார் சொல்லியிருப்பா?” என்றார். பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார்: “சீக்கிரம் தேடுறதுக்காகப் பேர் வரிசையில ஒரு அட்டவணையைக் கணினியே தயார் பண்ணி வச்சிருக்கும். கீழ பாக்குறது அந்த அட்டவணை வழியாத்தான். பேர் இல்லாதவங்க அதுல ஏறவே மாட்டாங்க. ‘எல்லாரும்’னு கேட்டா, அதுக்குத் தெரிஞ்ச எல்லாரையும்தான் காட்டும்.”

6. அட்டவணையை விட்டுவிட்டு, மூலப் பதிவையே முதலிலிருந்து கடைசிவரை அவர் படிக்க வைத்தார். அதில் வந்தான்: “ஆண். பேசவில்லை. வலது கை முறிவு. நகங்களில் பெயின்ட்.” அந்த நகங்களை எனக்குத் தெரியாதா, ஐயா? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொறியாளரும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

7. அன்று மாலையே தம்பியின் கட்டில் முன் நின்றோம். என்னைக் கண்டதும் அழுவான் என்று நினைத்தேன். இடது கையை ஆட்டி, “இவ்வளவு நேரமா? எருமை!” என்று சைகையில் திட்டினான். வாழ்நாளில் எந்தத் திட்டும் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை.

8. இனி என் குறை. மூலப் பதிவு முழுவதையும் படித்ததால் மற்ற மருத்துவமனைகளில் திரைகள் சிறிது நேரம் தாமதித்தனவாம். அனுமதியின்றிச் செய்ததாக அந்தப் பொறியாளரிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தாமதத்தால் யாருக்கேனும் சிரமம் நேர்ந்திருந்தால் அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டீசைத் திரும்பப் பெற வேண்டுகிறேன். பெயர் தெரியாமல் சேர்க்கப்படுபவர்களுக்கு ‘பெயர் தெரியாதவர்’ என்றாவது பதியச் செய்தால் அவர்களும் தேடலில் வந்துவிடுவார்கள் என்று அவரே சொன்னார். பெரிய வேலையில்லையாம். முன்பே பதிவானவர்களுக்கும் அவ்வாறே திருத்த ஆணையிட வேண்டுகிறேன்.

9. அன்று மூலப் பதிவில் தம்பியோடு இன்னும் சிலர் பெயரில்லாமல் வந்தார்கள். ஒரு மூதாட்டி. மூன்று வயதுக் குழந்தை ஒன்று. அவர்கள் எந்த மருத்துவமனையில் என்று அன்று நான் கவனிக்கவில்லை. நேற்று தம்பியின் சிகிச்சைச் சான்றிதழ் வாங்கத் தலைமை மருத்துவமனைக்கு வந்தபோது, விசாரணைப் பகுதியில் ஒருவர் தம் தாயைத் தேடி நின்றார். “இவ்வளவுதாங்க எல்லாரும்” என்று அவருக்கும் சொன்னார்கள். மாடிக்கு அழைத்துப் போனேன். நோட்டீசுக்குப் பதில் தரும்வரை மூலப் பதிவைத் தொட அனுமதியில்லை என்று பொறியாளர் கலங்கினார். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு, பிணவறைக்கு வழி கேட்டுக்கொண்டு போனார். அவரது தாய் எங்கோ ஒரு கட்டிலில் கண் விழித்துப் படுத்திருக்கக்கூடும். இந்த மனு தங்கள் கைக்கு வரும் நாளிலேயே ஆணை பிறப்பிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ரயிலடிச் சாலை
நாள்: தம்பி வீடு திரும்பிய மூன்றாம் நாள்

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கண்ணாடிக் கடைக்காரி,
நோயாளியின் அக்காள்